திருகோணமலை பஸ் நிலையத்தருகே நல்ல பாலப்பம்

பஸ் நிலையத்துக்கு அருகிலுள்ள இந்தச் சிறிய உணவகத்தில் பாலப்பத்தின் ஓரம் மொறுமொறுப்பாகவும் நடு மெத்தென்றும் இருக்கும். கட்டச்சம்பலில் மாசி தாராளம். ஆயினும், கோணேசர் கோயிலுக்கு வந்துபோகும் வெளியூரார் பலர் முதலாளியைத் தலைக்கனம் பிடித்தவர் என்றே எண்ணிவிடுகிறார்கள். "அண்ணை, இரண்டு பாலப்பம்" என்றால் அவர் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. ஆனால் நான்கு தாச்சிகளை மாறிமாறிச் சுழற்றியபடி எல்லா மேசைகளின் கணக்கையும் மனத்தில் வைத்திருக்கும் அவர், கேட்டதை மாற்றி அனுப்பி நான் கண்டதில்லை. சூழ்நிலையைக் கருதாமல் பிறருடைய குணத்தையே காரணமாக்கும் இத்தகைய பிழைக்குச் சமூக உளவியலாளர் லீ ராஸ் 1977இல் பெயரிட்டு விளக்கமளித்தார். கூட்டம் குறைந்ததும் இதே மனிதர், "தம்பி, இன்னும் கொஞ்சம் சம்பல் போடட்டோ?" என்று தாமாகவே வந்து கேட்பார். நெரிசல் வேளையில் பதில் சொல்ல ஒரு பெடியனை முன்னால் நிறுத்துவது அவசியம்.