பல் ஈற்றுக் கருமை நீக்கும் சிகிச்சை: திருச்சியில் விசாரித்ததும் செய்துகொண்டதும்

அழகுக்காகச் செய்துகொள்ளும் பல் சிகிச்சைக்கு டொரான்டோவில் காப்பீடு பொதுவாகக் கைகொடுப்பதில்லை என்பதால், விடுமுறையில் திருச்சிக்கு வந்தபோது ஈற்றின் கருமையை நீக்கிக்கொள்ள எண்ணித் தில்லை நகரில் இரண்டு பல் மருத்துவமனைகளில் விசாரித்தேன்.

முதல் இடத்தில் வாயைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே கைபேசியில் படங்களைக் காட்டி, ஒரே நாளில் ரோஸ் நிறம் வந்துவிடும், அது நிரந்தரம் என்றார்கள். மற்ற இடத்தில் ஈறு சிகிச்சையில் எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ மேற்படிப்பு முடித்த மருத்துவர், உதட்டை மடித்து இருபுறமும் பார்த்துவிட்டு, கருமை சிறுவயது முதலே உள்ளதா, புகைப்பழக்கம் உண்டா, ஈற்றைக் கருக்கச் செய்யக்கூடிய மினோசைக்ளின் போன்ற மாத்திரைகளை நெடுநாள் சாப்பிட்டதுண்டா என்று வரிசையாகக் கேட்டார். மெலனின் நிறமியால் இயல்பாக அமைந்த கருமை நோயன்று. நடுவயதில் புதிதாகத் தோன்றிப் பரவினாலோ, ஓரிடத்தில் மட்டும் திட்டாக இருந்தாலோதான், அடிசன் நோய் (அட்ரீனல் சுரப்பிக் குறைபாடு) உள்ளிட்ட காரணங்களைத் தேடவேண்டும் என்று விளக்கினார். “செய்யாம விட்டாலும் உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்க” என்று அவர் சொன்ன பிறகுதான், அவரிடமே செய்துகொள்வதென்று முடிவெடுத்தேன்.

முதலில் ஸ்கேலிங் செய்து, அதாவது பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுத்து, ஈற்று வீக்கம் வடிந்த பிறகே லேசரை எடுத்தார். மரத்துப்போக ஊசி போட்டு, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, டையோடு லேசரின் மெல்லிய முனையால் மேல்தோலைச் சிறிது சிறிதாக நீக்கி, ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டே போனார். வலி தெரியவில்லை, முடி பொசுங்குவதுபோன்ற நாற்றம் மட்டும் நன்றாகவே தெரிந்தது. கத்தியால் சுரண்டும் பழைய முறையில் செலவு குறைவு, ரத்தக்கசிவு அதிகம். எந்த முறையானாலும், ஈறு மெலிந்த இடத்தில் ஆழமாகப் போனால் ஈறு இறங்கிப் பல்வேர் வெளித்தெரியக்கூடும் என்பதால், கோரைப்பல் அருகே சற்றுக் கருமையை வேண்டுமென்றே விட்டுவைத்தார்.

புண் ஆற ஒன்றிரண்டு வாரமாகும். அதுவரை சூடும் காரமும் ஆகாது. ஊருக்கு வந்தும் ஆறிய இட்லியையும் தயிர்சாதத்தையும் தின்றுகொண்டிருப்பது கொடுமைதான் என்றாலும், பயணத்தின் தொடக்கத்திலேயே செய்துகொண்டால்தான் கிளம்புமுன் மருத்துவரிடம் மறுபடி காட்ட முடியும். சுற்றியுள்ள திசுவிலிருந்து நிறமி அணுக்கள் மீண்டும் பரவுவதால், சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ கருமை திரும்பக்கூடும், புகைப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதல் என்பதை அவர் முன்கூட்டியே சொன்னார். முதல் இடத்தில் தருவதாகச் சொன்ன உத்தரவாத அட்டை, கடல்கடந்து வாழ்பவருக்கு எந்த வகையில் பயன்படும் என்பது எனக்கு விளங்கவில்லை. இவர் எழுதித் தந்த சிகிச்சைக் குறிப்பையும் படங்களையும் டொரான்டோ பல் மருத்துவரிடம் காட்ட எடுத்துச் செல்கிறேன்.