கையில் ஒட்டும் சுகர் சென்சார்: மகளுக்கு வாங்கி எட்டு மாதம்

என் மகளுக்கு 14 வயது, டைப் 1 நீரிழிவு. மேல்கையின் பின்பக்கம் ஒட்டும் குளுக்கோஸ் சென்சார் இது, ஒன்று 14 நாள் வரும். இதற்கு முன்னால் தினமும் ஆறேழு முறை விரலில் குத்த வேண்டும். பள்ளியில் எல்லார் எதிரிலும் குத்தக் கூச்சப்பட்டு, பார்க்காமலே நோட்டில் ஏதோ ஒரு எண்ணை எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். அது தெரிந்த அன்று நான் போட்ட சத்தத்தை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

இப்போது போனில் எண்ணோடு அம்புக்குறியும் தெரிகிறது. எனக்கு அந்த அம்புக்குறிதான் பெரிய விஷயம். 100 மில்லிகிராம் நல்ல எண்தான், ஆனால் அம்பு செங்குத்தாகக் கீழே காட்டினால் விளையாடப் போகும் முன் ஏதாவது சாப்பிட்டாக வேண்டும். மாலையில் ஓடியாடினால் நடுராத்திரியில் சுகர் இறங்கலாம் என்று டாக்டர் சொன்னபோது சும்மா தலையாட்டியவள், வரைபடத்தில் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பினாள். எல்லாம் சரியாகச் செய்தும் சில நாள் 250-லேயே நிற்கும். பருவ வயது ஹார்மோன்களால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, அது அவள் தப்பே இல்லை.

குறைகளும் உண்டு. அந்தக் கைப்பக்கம் படுத்து சென்சார் அழுந்தினால் 55 என்று அலறும், எழுப்பி விரலில் குத்தினால் 110. ஒட்டிய முதல் நாள் எண்ணை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அப்புறம், இது ரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கடியில் இருக்கும் திரவத்தைத்தான் அளக்கிறது, அதனால் 5 முதல் 15 நிமிடம் பின்தங்கும். சுகர் இறங்கி 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்ட பிறகும் எண் ஏறவில்லையே என்று மேலும் மேலும் சாப்பிட்டு 300-க்குப் போயிருக்கிறாள். 15 நிமிடம் பொறுத்து விரலில் குத்திப் பாருங்கள், பழைய மீட்டரைத் தூக்கிப் போடாதீர்கள்.

பெற்றோர் போனுக்கும் எண் வரும் வசதியை முதல் மாதம் நானே கெடுத்தேன். 190 ஆனாலே "என்ன சாப்பிட்ட?" என்று மெசேஜ். ஒரு நாள் சென்சாரையே பிய்த்து எறிந்துவிட்டாள். பிறகு உட்கார்ந்து பேசி முடிவெடுத்தோம்: 70-க்குக் கீழே போனாலோ, 250-க்கு மேல் இரண்டு மணி நேரம் நின்றாலோ மட்டும் என் போன் அடிக்கும். மற்றதெல்லாம் அவள் பொறுப்பு. வாரம் ஒரு முறை இருவரும் சேர்ந்து வரைபடம் பார்க்கிறோம், எந்த நாளை முதலில் பார்ப்பது என்பதை அவள்தான் சொல்வாள். வாங்குகிறவர்கள் பெட்டியைப் பிரிக்கும் முன்பே இந்தப் பேச்சைப் பிள்ளையோடு பேசிவிடுங்கள்.