தலை மாறி வந்த லோ விசில்

கையால் செய்த மர லோ விசிலை விற்க நினைத்துக்கொண்டிருந்தால், இதைப் படித்துவிட்டு விளம்பரம் போடுங்கள். முழுக் குழலாக அனுப்பினேன். திரும்பி வந்தது என் குழலின் உடலும், யாருடையதோ ஒரு தலையும்.

விசில் என்றதும் நடுவர் ஊதுவதை நினைத்துவிடாதீர்கள். இது ஐரிஷ் இசையில் வாசிக்கும் ஆறு துளைக் குழல். சாதாரண டின் விசிலைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிப்பது, லோ டி (டி ஸ்ருதியில் அமைந்தது) என்றால் ஏறக்குறைய 60 செ.மீ. நீளம். 1970களின் தொடக்கத்தில், தன் மூங்கில் குழலை இழந்த ஐரிஷ் இசைக்கலைஞர் ஃபின்பர் ஃபியூரிக்காக பெர்னார்ட் ஓவர்ட்டன் என்பவர் அலுமினியக் குழாயில் ஒன்று செய்துகொடுத்தார். இன்றைய லோ விசில் அங்கிருந்து பரவியதுதான். இன்றும் பெரும்பாலானவை உலோகம். மரத்தில் கடைந்தது வேண்டுமென்றால் செய்பவரிடம் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதனால் பழையதற்கும் ஆள் வருவார்கள்.

என்னுடையது ஆப்பிரிக்கன் பிளாக்வுட். வாய் வைத்து ஊதும் தலை, விரல் துளைகள் உள்ள உடல் என்று இரண்டு துண்டு. துளைகளின் இடைவெளி என் விரல்களுக்கு அதிகம். விரல் நுனியால் மூடாமல் நடுப்பகுதியால் மூடும் பிடியையும் பழகிப் பார்த்தேன், மணிக்கட்டு ஒத்துழைக்கவில்லை. சரி, வாசிக்கிற ஒருவரிடம் போகட்டும் என்று விற்பனைத் தளம் ஒன்றில் போட்டேன்.

வாங்க வந்தவர் பேசிய விதத்தில் நான் கவிழ்ந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். அத்தனை விவரமான கேள்விகள். காற்று போகும் பாதை நேராக இருக்கிறதா, வளைவா? அடைப்புக் கட்டை (ஊதுவாயை அடைத்து, காற்றுக்கு ஒடுக்கமான பாதை மட்டும் விடும் துண்டு) சிடார் மரமா, பிளாஸ்டிக்கா? தலைக்குள் உடல் செருகும் இடத்தின் உள்விட்டம் எத்தனை மில்லிமீட்டர்? வெர்னியர் வைத்து அளந்து தசமப் புள்ளி வரை சொன்னேன். ரசிகர் ஒருவர் கிடைத்துவிட்டார் என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. ஸ்வரம் சேர்கிறதா, உடலில் விரிசல் உண்டா என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்பது பிற்பாடுதான் உறைத்தது.

புல்லாங்குழலில் காற்றை நம் உதடு செலுத்துகிறது. விசிலில் அந்த வேலை தலையினுடையது. ஒடுக்கமான பாதை வழியாகக் காற்று போய் ஒரு கூர்விளிம்பில் மோத வேண்டும். அடைப்புக் கட்டை மயிரிழை நகர்ந்தாலும் குரல் போய்விடும். வாங்குபவர் தலையைப் பற்றி மட்டுமே விசாரித்தால், அவரிடம் ஏற்கெனவே ஓர் உடல் இருக்கக்கூடும். அதே கைவினைஞர் செய்த, தலை பாழான குழலின் உடல்.

என் கவலையோ வேறு பக்கம் இருந்தது. பார்சல் எல்லை தாண்ட வேண்டும். பிளாக்வுட் டால்பெர்ஜியா இனம். 2017இல் அந்த இன மரங்கள் முழுவதும் சைட்ஸ் (அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) கட்டுப்பாட்டுக்குள் வந்ததும், 2019 இறுதியில் செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு விலக்கு கிடைத்ததும் பற்றி உட்கார்ந்து படித்தேன். காப்பீடும் போட்டேன். சுங்கத்தில் ஒருவரும் சீண்டவில்லை.

போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் ஒரு படம் வந்தது: தலையில் நீளவாக்கில் விரிசல். மரம் வறண்ட காற்றில் வெடிக்கும், எனவே நம்பினேன். எண்ணெய் போடாமல் விட்டுவிட்டேனோ என்று என்னையே நொந்துகொண்டேன். ஒட்டும் செலவைத் தருகிறேன் என்றேன். வேண்டாம், திருப்பி அனுப்புகிறேன் என்றார். தளத்தின் விதிப்படி, பார்சல் என் கைக்கு வந்ததாகப் பதிவானதுமே அவருக்கு முழுப் பணமும் போய்விட்டது. நான் பெட்டியைப் பிரித்தது அதற்கப்புறம்.

செருகும்போதே தெரிந்துவிட்டது. என் குழலில் தலையை மெல்லத் திருகித்தான் ஏற்ற வேண்டும். இது தொளதொளவென்று ஆடியது. ஒரே கைவினைஞர் செய்தாலும் ஒவ்வொரு குழலுக்கும் தனித்தனியாகத்தான் இழைத்துப் பொருத்துவார்கள். முகர்ந்து பார்த்தேன், சிடார் வாசனை இல்லை; அடைப்புக் கட்டை வெள்ளைப் பிளாஸ்டிக். ஊதினால் அடி ஸ்வரமான டி நிற்காமல் மேல் ஸ்தாயிக்குத் தாவுகிறது. என் குழலில் அந்த ஸ்வரம் நெஞ்சுக்கூட்டில் அதிரும்.

தளத்திடம் முறையிட்டேன். அனுப்பிய தலை இதுவல்ல என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். விளம்பரத்தில் நான் போட்ட ஐந்து படங்களில் நான்கு, செய்தவரின் முத்திரை உள்ள உடலைக் காட்டுபவை. ஐந்தாவதில் தலை இருக்கிறது, நிழலில். வாசித்துப் பதிவு செய்த ஒலியை ஆதாரமாக எடுத்துக்கொள்ளவில்லை. அளவுகள் சொன்ன அரட்டையைக் காட்டினேன்; அது அவருடைய அக்கறைக்குச் சான்றாம்!

நீங்கள் விற்றால் தலையை ஊதுவாய்ப் பக்கமிருந்து, விளிம்புப் பக்கமிருந்து, உள்ளே வெளிச்சம் அடித்து என்று நெருக்கமாகப் படமெடுங்கள். பிளாக்வுட்டின் ரேகை கறுப்புக்குள் ஒளிந்திருக்கும், சாய்ந்த வெளிச்சத்தில்தான் தெரியும். தலையைத் தனியாக எடை போட்டு, எண் தெரியும்படி ஒரு படம். பெட்டியில் வைத்து ஒட்டும் வரை வெட்டாத வீடியோ. திரும்பி வந்தால் பிரிக்கும்போதும் அப்படியே. உள்விட்டம் கேட்பவருக்கு, தலையும் உடலும் ஒன்றாகத்தான் விற்பனைக்கு என்று சொன்னால் போதும்.

செய்தவருக்கு எழுதினேன். இந்த உடலுக்குப் புதுத் தலை கடைந்து தரலாம், ஆனால் வரிசையில் காத்திருக்க வேண்டும் என்றார். காத்திருக்கிறேன். இதற்கிடையே பிளாக்வுட் லோ டி ஒன்று விற்பனைக்கு வந்து, சிடார் கட்டையின் இடது ஓரத்தில் நகம் பதிந்ததுபோல் ஒரு பள்ளமும், தலைக்கும் உடலுக்கும் இடையே கொஞ்சம் ஆட்டமும் இருந்தால், எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.