நானூறு நக்கன்களும் இரண்டு மென்பொருள்களும்

வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், வரைபடத்தில் இடங்களைக் குறிக்கும் கியூஜிஐஎஸ், வலைப்பின்னல் படம் வரையும் கெஃபி ஆகிய இரு மென்பொருள்களையும் கற்க ஆறு மாதம் ஒதுக்கலாமா என்று சென்ற வாரம் கேட்டார். மூன்று ஆண்டுகளாக இரண்டோடும் மல்லுக்கட்டி வருகிறேன். இரண்டும் இலவசம், இரண்டும் திறமூலம் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். எனவே என்னை விடாமல் படுத்திய ஒன்றை மட்டும் சொன்னேன். இரண்டுக்கும் பெயர்களைக் கையாளத் தெரியவில்லை.

நான் எடுத்துக்கொண்டது, முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் (கோயில் ஆடல் மகளிர்) 400 பேரின் கல்வெட்டு. ஒவ்வொருவர் பெயரும், எந்த ஊர்த் தளியிலிருந்து (கோயிலிலிருந்து) வந்தவர் என்பதும், தளிச்சேரியின் எந்தச் சிறகில் (தெரு வரிசையில்) எத்தனையாம் வீடு என்பதும் அதில் உண்டு. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு 100 கலம் நெல். எக்செல்லுக்கென்றே வெட்டியதைப் போன்ற ஒழுங்கு.

ஊர்களை அடையாளம் கண்டு கியூஜிஐஎஸ்ஸில் இட்டபோது, பெரும்பாலான புள்ளிகள் காவிரிப் படுகையில் குவிவதைப் பார்த்த மகிழ்ச்சியை மறுக்கமாட்டேன். ஆனால் பலரும் இன்றும் கேட்டு வாங்கும் ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வடிவத்தில் சேமித்ததும் 'தளிச்சேரி' என்ற தலைப்பு 'தளி' ஆயிற்று, 'கல்வெட்டு எண்' வெறும் 'கல்' ஆயிற்று. அந்த வடிவத்தில் நெடுவரிசைத் தலைப்புக்கு 10 பைட்டுகளே இடம். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்டுகள் தேவை, புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியாக. நியாயமாகச் சொன்னால் இது மென்பொருளின் குற்றமன்று. 2018இல் வந்த 3.0 பதிப்பிலிருந்தே அது ஜியோபேக்கேஜ் என்ற வேறொரு கோப்பு வடிவத்தை இயல்பு வடிவமாக வைத்திருக்கிறது, அதில் இந்தத் தொல்லை இல்லை. ஆயினும் ஒவ்வொரு முறை கோப்பு அனுப்பும்போதும் தலைப்புகளை ஆங்கில எழுத்துக்கு மாற்றி உட்கார்ந்திருப்பவன் நான்தானே.

கெஃபி வெட்டவில்லை, ஒட்டிவிட்டது. பெண்களுக்கும் ஊர்களுக்கும் இடையிலான வலைப்பின்னலில், இரண்டு ஊர்களை இணைக்கும் பாலமாக ஒரு பெண் நின்றார். ஒருவர் மற்றவற்றுக்கிடையே எவ்வளவு பாலமாக நிற்கிறார் என்று அளக்கும் இடைநிலை மையத்தன்மைக் கணக்கிலும் அவருக்கே உயர்ந்த மதிப்பு. கட்டுரைக்கு முதல் பத்திகூட எழுதிவிட்டேன். பிறகு மூலத்தைப் பார்த்தால், ஒரே பெயரில் வேறு வேறு வீடுகளில் இருவர். பட்டியலில் எல்லோரும் 'நக்கன்' என்று தொடங்குபவர்கள், அதற்கு அடுத்து வரும் பெயரும் பலருக்குப் பொது. ஆளுக்கொரு அடையாள எண் கொடுக்காமல் பெயரையே எண்ணாகத் தந்தது என் தவறு. கெஃபியும் ஓர் எச்சரிக்கை காட்டியிருக்கலாம். திருத்தியபின் பாலம் மறைந்தது. ஒருவருக்கு ஓர் ஊர்தான் என்கிறபோது, ஊரைச் சுற்றி நட்சத்திரம் நட்சத்திரமாகத்தான் படம் வரும். எந்த ஊரார் எந்தச் சிறகில் அதிகம் என்பதே கேட்கத்தக்க கேள்வி. அதற்கு ஒரு குறுக்கு அட்டவணை போதும்.

போதாக்குறைக்கு, நான் பயன்படுத்திய கெஃபி பதிப்புகளில் செய்ததை ரத்துசெய்து முந்தைய நிலைக்குத் திரும்பும் வசதியும் இல்லை. ஒரு மாலை முழுதும் நகர்த்தி அமைத்த முனைகள் (பெண்களையும் ஊர்களையும் குறிக்கும் புள்ளிகள்), தவறிப்போய் அழுத்திய ஒரு பொத்தானில் கலைந்துபோயின.

ஆகவே நண்பரிடம் கியூஜிஐஎஸ்ஸைக் கற்றுக்கொள்ளுங்கள், கெஃபி வேண்டாம் என்றேன். அவர் என் அறைக்கு வந்ததில்லை. மேசைக்கு எதிர்ச் சுவரில் மூன்று ஆண்டுகளாக ஒட்டியிருப்பது கெஃபி வரைந்த படம்தான், அதுவும் அந்த இல்லாத பெண் நடுவே நிற்கும் பழைய படம்.