"உங்க பைக்குக்குன்னே போட்ட மேப்" என்று சொன்னால் பணம் கட்டாதீர்கள்

மாட்யூல் விலையில் பாதி. பைக் இன்ஜினுக்குப் போகும் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கத் தனியாக மாட்டும் பெட்டிதான் மாட்யூல். அதில் ஏற்றும் ஒரே ஒரு ஃப்யூல் மேப் (பெட்ரோல் அளவு அட்டவணை) ஃபைலுக்குப் பிடுங்கிய பணம் இது. வந்தது என்னவென்றால், மாட்யூல் கம்பெனி சும்மாவே கொடுக்கும் மேப். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். விற்றவர் பெயர் இங்கே வேண்டாம். மெசேஜிலேயே பேசி, மெசேஜிலேயே ஃபைல் அனுப்பும் வகை.

நம்ப வைத்தது அவர் கேட்ட கேள்விகள். சைலன்சர் "ஸ்லிப்-ஆன்" வகையா (கடைசிப் பகுதி மட்டும் மாற்றியது), ஃபுல் சிஸ்டமா? டிபி கில்லர் (சத்தம் குறைக்கும் செருகி) உள்ளே இருக்கா? ஏர் ஃபில்டர் ஸ்டாக்கா? ஓ2 சென்சார் (புகையில் ஆக்சிஜன் அளப்பது) இருக்கா, அதற்குப் பதில் மாட்டும் எலிமினேட்டரா? ப்ளக் போட்டோ வரை கேட்டார். வேலை தெரிந்தவன் கேட்கிற கேள்விகள் இவை! கூடவே ஒரு டைனோ (பைக்கை உருளைமேல் ஓட்டிப் பவர் அளக்கும் மெஷின்) கிராஃப். பவர், டார்க் எல்லாம் இருக்கிறது. ஏஎஃப்ஆர் (காற்று-பெட்ரோல் விகிதம்) கோடு மட்டும் இல்லை.

ஏற்றியதில் எந்தக் குறையும் கிடையாது. பழைய மேப்பை மாட்யூலிலிருந்து இறக்கிச் சேமித்து, இன்ஜின் சூடேறியபின் ஐடிலில் த்ராட்டில் பொசிஷனைக் காலிபரேட் செய்து, புதியதை அனுப்பி, திரும்பப் படித்தும் சரிபார்த்தாயிற்று. பலன்? ஐடிலில் பெட்ரோல் நாற்றம், லேசாகத் திருகினால் திக்கல், ப்ளக் முனையில் கரி. இழுவையில் துளி மாற்றமில்லை.

டேபிளைத் திறந்தால் குட்டு உடைகிறது. நெடுக ஆர்பிஎம், 250-க்கு ஒரு வரிசை. குறுக்கே த்ராட்டில், 0, 2, 5, 10 என்று 100 சதவீதம் வரை. ஸ்டாக் இசியூ (பைக்கின் சொந்த இன்ஜின் கம்ப்யூட்டர்) விடும் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுவது, குறைப்பது என்பதுதான் கட்டத்தில் இருக்கும் எண். 3,000 ஆர்பிஎம், 20 சதவீதத்தில் கம்பெனி மேப்பில் 2, இவர் மேப்பில் 6. 7,500, 80 சதவீதத்தில் அங்கே -3, இங்கே 1. எந்தக் கட்டத்தைப் பார்த்தாலும் சரியாக 4 அதிகம். முழு டேபிளையும் செலக்ட் பண்ணி 4 கூட்டியிருக்கிறார், அவ்வளவுதான் வேலை. ஏஎஃப்ஆர் அளக்கும் வைட்பேண்ட் சென்சார் வைத்து உண்மையிலேயே அளந்திருந்தால் 3, 5, 4, 8, 2 என்று ஏறுமாறாகத்தான் வரும். சைலன்சர் மாறினால் ஒவ்வொரு ஆர்பிஎம்மிலும் ஒவ்வொரு மாதிரி மாறும். எல்லா இடத்திலும் ஒரே அளவு மாறவே மாறாது.

இந்த 4-க்குத்தான் மாட்யூல் விலையில் பாதி.

கேட்டால் முதல் பதில், "பெட்ரோல் மாத்திப் போட்டுப் பாருங்க ப்ரோ." அடுத்தது, "இசியூ பழகணும், கொஞ்சம் ஓட்டுங்க." என்ன பழக்கம்? தானாகத் திருத்திக்கொள்ளும் ஆட்டோட்யூன் இல்லாத மாட்யூலில் எழுதிய எண் எழுதியபடியே இருக்கும். ஓ2 சென்சார் பார்த்து இசியூ திருத்துவது ஐடிலிலும் சீரான வேகத்திலும் மட்டும். ஃபுல் த்ராட்டிலில் அது சென்சார் பக்கமே திரும்பாது. இரண்டு மேப்பையும் பக்கத்தில் வைத்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பியதும், "டிஜிட்டல் ஃபைலுக்கு ரீஃபண்ட் இல்லை." பிறகு பிளாக். மாட்யூல் விலையில் பாதி, போயே போச்சு.

பணத்தோடு முடியாத விஷயம் இது. ரிச்சாகவே, அதாவது பெட்ரோல் அதிகமாகவே, ஓடினால் பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயில் படலத்தைக் கழுவி, ஆயிலோடு கலக்கும். கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் சூடேறிக் கெடும்.

வாங்குவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. ஏஎஃப்ஆர் கோடு இல்லாத கிராஃபை நம்பாதீர்கள். பைக்கை டைனோவில் ஏற்றாமலோ, வைட்பேண்ட் சென்சார் மாட்டி ஓட்டி அளக்காமலோ யாரும் "தனி மேப்" போட முடியாது. கம்பெனியின் இலவச மேப்பை முதலில் இறக்கி வைத்துக்கொண்டு, கட்டம் கட்டமாக ஒப்பிடுங்கள். முழுப் பணத்தையும் முன்னாலேயே கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே ஏற்றியவர்கள் பழைய மேப்பையே திருப்பி ஏற்றுங்கள். பேக்கப் இல்லையென்றால் எல்லாக் கட்டத்திலும் 0 போட்டு அனுப்புங்கள், ஸ்டாக் ஃப்யூலிங் வந்துவிடும். ஆனால் ஓ2 எலிமினேட்டர் மாட்டியிருந்தால் சென்சாரையும் திரும்ப மாட்டியாக வேண்டும். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை உடனே மாற்றுங்கள்.