கழித்தல் சமன்பாடு: சமநிலை முறையா, இடமாற்று முறையா?

அ − 7 = 15 போன்ற கணக்கைப் பிள்ளைக்கு எந்த முறையில் கற்பிப்பது என்று தயங்கும் பெற்றோருக்காக இந்த ஒப்பீடு.

வேகம்: இடமாற்று முறையில் −7 மறுபுறம் +7 ஆகி, 15 + 7 = 22 என ஒரே வரியில் விடை வந்துவிடும். இருபுறமும் 7 கூட்டும் சமநிலை முறையில் ஒரு வரி கூடும்.

புரிதல்: குறி ஏன் மாறுகிறது என்பதைச் சமநிலை முறையே காட்டுகிறது.

பிழை: 20 − அ = 8 என்று, கழிக்கப்படும் எண்ணே தெரியாதபோதுதான் வேறுபாடு நன்றாக வெளிப்படும். குறியை மாற்றினால் போதும் என்று மனப்பாடம் செய்த பிள்ளை 8 + 20 = 28 என்று எழுதிவிடக்கூடும்; இருபுறமும் அ-வைக் கூட்டப் பழகிய பிள்ளையோ 20 = 8 + அ என்று எழுதி, இருபுறமும் 8-ஐக் கழித்து, 12 என்ற சரியான விடையை அடையும்.

ஆகவே தொடக்கநிலைக்குச் சமநிலை முறையும், அது கைவந்தபின் தேர்வு வேகத்துக்கு இடமாற்று முறையும் பொருந்தும். எந்த முறையானாலும், கிடைத்த விடையைச் சமன்பாட்டில் இட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.