உப்புத் தண்ணீர் ஊரில் மலிவு விலை ஷேவிங் சோப்புகள்

கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு எந்த ஷேவிங் சோப்பு நல்லது என்று சொல்ல வருகிறவர், தன் வீட்டில் எந்தத் தண்ணீர் வருகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பாலக்காடு மாவட்டம் என்றதும் ஓயாத மழையையும் வயல்வெளியையும் நினைப்பவர்கள் சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்கு ஓரத்தைப் பார்க்காதவர்கள். இங்கே மழை குறைவு. தென்னந்தோப்புகளும் வீடுகளும் போர்வெல்லை நம்பி நிற்கின்றன. எங்கள் குழாய் வாயில் சுண்ணாம்புப் பொருக்கு கட்டும், கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு ஏறும், துணி துவைக்கும் சோப்பு பாதி கரைந்தும் நுரை வராது. இந்தத் தண்ணீரில் சில ஆண்டுகளாகப் பிரஷ் போட்டுச் சவரம் செய்கிறேன். கீழே சொல்வதெல்லாம் அந்தக் கண்ணோட்டத்தில்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு வாய்ப்பு உண்டு. அக்கா கோவையில் இருக்கிறார், வீட்டில் சிறுவாணித் தண்ணீர். அங்கே போகும்போதெல்லாம் என் சோப்பையும் பிரஷ்ஷையும் எடுத்துப்போவேன். இங்கே முனகிக்கொண்டிருந்த சோப்பு அங்கே தயிர்போலக் கெட்டியாக எழும். சிறுவாணி அணை இருப்பது எங்கள் பாலக்காடு மாவட்டத்தில். அந்த நல்ல தண்ணீர் கோவைக்குப் போகிறது, அதே மாவட்டத்தில் இருக்கும் நாங்கள் போர்வெல்லில் முகம் கழுவுகிறோம். மாமாவிடம் இதைச் சொன்னால், "அதற்காகத்தானே மாதாமாதம் எங்கள் வீட்டுக்கு ஷேவ் செய்ய வருகிறீர்கள்" என்பார்.

காரணம் பள்ளி வேதியியல்தான். உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாகிவிடுகின்றன. பிரஷ்ஷின் அடியிலும் வாஷ்பேசினிலும் ஒட்டும் அந்தச் சாம்பல் நிற அழுக்கு அதுதான். நாம் தேய்க்கும் சோப்பில் ஒரு பகுதி தண்ணீரை அடக்கவே செலவாகிவிடும், மிச்சம்தான் தாடிக்கு. குடிநீரின் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தரநிலை. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள தூரத்தில்தான் ஒரே சோப்பு ஒருவருக்குத் தங்கமாகவும் இன்னொருவருக்குத் தண்டமாகவும் தெரிகிறது.

இன்னொரு அடிப்படையும் தெரிந்திருக்க வேண்டும். ஷேவிங் சோப்பில் முக்கியமானது ஸ்டியரிக் அமிலம். நுரையை அடர்த்தியாக, நெடுநேரம் தாங்குவதாக ஆக்குவது அதுதான். சோடியம் காரத்தில் செய்தால் சோப்பு கட்டியாகும். பொட்டாசியம் காரத்தில் செய்தால் இளகி, விரைவில் கரையும். டியூபில் வரும் கிரீம்கள் பெரும்பாலும் பொட்டாசியம் வகை. வட்டக் கட்டிகளில் இரண்டும் கலந்திருக்கும். குளிக்கும் சோப்பு எவ்வளவு உயர்ந்த தரமாக இருந்தாலும் சவரத்துக்கு ஒத்துவராதது இதனால்தான். அதில் நுரை வரும், ஆனால் பிளேடு கன்னத்தைத் தாண்டுவதற்குள் காய்ந்துவிடும்.

என் கருவிகள் எளியவை: இரட்டை முனை பிளேடு போடும் பழைய ரேசர், பன்றிமயிர் பிரஷ் ஒன்று, செயற்கை இழைப் பிரஷ் ஒன்று, ஒரு படிகாரக் கட்டி. பிளேடு விஷயத்தில் எனக்குப் பெரிய பிடிவாதம் இல்லை. சூப்பர்மேக்ஸோ செவன் ஓ கிளாக்கோ, கடையில் இருப்பது.

முதலில் கோத்ரெஜ் ரவுண்டு. எல்லாக் கடையிலும் கிடைக்காது. பொள்ளாச்சிச் சந்தைப் பக்கமுள்ள பழைய மளிகைக் கடைகளில் கேட்டால் உள்ளிருந்து எடுத்துவருவார்கள், ஒரு சிரிப்போடு. விலை மிகக் குறைவு. ஒரு கட்டி வாங்கினால் அது எப்போது தீரும் என்பதே மறந்துபோகும். போர்வெல் தண்ணீரில் இதை அவசரமாகப் பயன்படுத்துகிறவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். குளிக்கப் போகுமுன் கட்டியின் மேல் ஒரு கரண்டி வெந்நீர் ஊற்றி ஊற விட வேண்டும். பிறகு பிரஷ்ஷை நன்றாக உதறி, கிட்டத்தட்ட உலர்ந்த நிலையில், கட்டியின் மேல் அரை நிமிடமாவது சுழற்ற வேண்டும். முதலில் வருவது பசை, நுரை இல்லை. அதற்காகக் கவலைப்பட வேண்டாம். அந்தப் பசையை முகத்தில் ஏற்றி, பிரஷ் நுனியைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு விரித்தால் மெல்லிய பளபளப்பான படலம் கிடைக்கும். பார்வைக்கு அடக்கமான நுரை, ஆனால் ரேசர் வழுக்கிக்கொண்டு போகும். ஷேவிங்கில் நுரையின் உயரத்தைப் பார்த்து மயங்குபவர்கள் இந்தச் சோப்பைக் குறை சொல்வார்கள். இரு விரலுக்கிடையே நுரையைத் தேய்த்துப் பாருங்கள், வழுக்கினால் போதும். அக்கா வீட்டில் இதே கட்டி பத்து விநாடியில் எழுந்து நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது டியூப் கிரீம்கள். எங்கள் எல்லைக் கடைகளில் தமிழ் வார இதழும் மலையாள வார இதழும் தொங்கும் கயிற்றுக்குக் கீழே வி-ஜான் டியூப் கட்டாயம் இருக்கும். கிராமப்புறத்தில் இதற்கு இணையான புழக்கம் வேறெதற்கும் கிடையாது என்று நினைக்கிறேன். பாதாம்பருப்பு அளவு எடுத்தால் போதும். உப்புத் தண்ணீரிலும் முரண்டு பிடிக்காமல் நுரைக்கும். மணம் கொஞ்சம் கனமானது, முகம் கழுவியபின் தங்காது. அவசரமான காலையில் என் கை தானாகப் போவது இதற்குத்தான். ஓல்டு ஸ்பைஸ் எலுமிச்சை கிரீம் சற்று விலை கூடியது. நுரையின் கெட்டித்தன்மையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் சொல்ல மாட்டேன். கூடுதல் காசு மணத்துக்குத்தான், அந்த மணம் எனக்குப் பிடிக்கும், அதனால் கொடுக்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் ஷேவிங் கிரீம் மீதான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. பழைய விலை அச்சிட்ட டியூபைக் கடைக்காரர் நீட்டினால் கேட்டு வாங்குங்கள்.

மெந்தால் கிரீம் ஒன்றும் வாங்கினேன், பெயர் வேண்டாம். முதல் தேய்ப்பிலேயே கன்னம் சில்லிட்டு, அடுத்த நிமிடம் எரிந்தது. மெந்தாலின் குளிர்ச்சி தோலின் நரம்பை ஏமாற்றும் வித்தை. கூர் மழுங்கிய பிளேடு தோலைச் சுரண்டுவதைக்கூட அது மறைத்துவிடும். கோடையில் சிலருக்கு இதமாக இருக்கலாம். என் தோலுக்கு ஆகாது, அந்த டியூப் இப்போது என் மைத்துனனிடம் இருக்கிறது. அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

இந்தப் பக்கத்துக்கே உரிய ஒன்று: மகளிர் குழுக்கள் வீட்டில் செய்யும் தேங்காயெண்ணெய்ச் சோப்பு. தேங்காய் மலிந்த ஊர், ஆகவே வாரச் சந்தையில் மஞ்சள் போட்டது, வேப்பிலை போட்டது என்று பல நிறங்களில் கிடைக்கும். "இதிலேயே ஷேவ் செய்யலாமே" என்று விற்பவர் சொன்னதால் செய்து பார்த்தேன். தேங்காயெண்ணெயில் பாதியளவு லாரிக் அமிலம். அது உப்புத் தண்ணீரிலும் குபுகுபுவென நுரைக்கும், இந்த ஒரு விஷயத்தில் எல்லாச் சோப்பையும் தோற்கடிக்கும். ஆனால் குமிழ்கள் பெரியவை. ஒரு பக்கக் கன்னம் முடிவதற்குள் மறுபக்கம் வெடித்து வடிந்துவிடும். தோலிலுள்ள எண்ணெய்ப் பசையையும் சேர்த்துக் கழுவிவிடுவதால் பிறகு முகம் இழுக்கும். கை கழுவவும் குளிக்கவும் அருமையான சோப்பு. தாடிக்கு வேண்டாம்.

இப்போது ஆர்கோ. துருக்கியில் எவ்யாப் நிறுவனம் செய்யும் 75 கிராம் குச்சி. கடையில் கிடைக்காது, இணையத்தில் வரவழைக்க வேண்டும், இறக்குமதி என்பதால் நம் ஊர் டியூபைவிட விலை கூடுதல். ஆனாலும் மலிவு என்ற பட்டியலிலேயே வைக்கிறேன், ஏனென்றால் அது தேய்வதே தெரியாது. முகத்தை நனைத்துக்கொண்டு குச்சியை நேராகத் தாடியின் மேல் எதிர்த்திசையில் தேய்க்க வேண்டும். மயிர்க்காலே சோப்பைச் சுரண்டி எடுத்துக்கொள்ளும். பிறகு ஈரப் பிரஷ் கொண்டு சுழற்றினால் போதும், கிண்ணம் தேவையில்லை. உப்புத் தண்ணீரில் இந்த முறை வெல்வதற்குக் காரணம் உண்டு: முகத்தில் தேவைக்கு மேலேயே சோப்பு ஏறிவிடுகிறது, கால்சியம் தன் பங்கைத் தின்றபிறகும் மிச்சம் நிறைய. போர்வெல் தண்ணீரில் நான் கண்ட மிக வழுக்கலான நுரை இதில்தான் கிடைத்தது. மோவாயின் கீழே, மயிர் சுழித்து வளரும் இடத்தில், இரண்டாம் முறை ரேசர் போட்டாலும் எரிச்சல் இல்லை.

குறைகளும் சொல்ல வேண்டும். மணம் எலுமிச்சைப்புல் சேர்த்த தரை கழுவும் திரவத்தை நினைவூட்டும். உறையைப் பிரித்துச் சில வாரம் காற்றாட வைத்தால் கூர்மை குறையும். பெரிய விஷயம் வேறு: இதன் அடிப்படை விலங்குக் கொழுப்பு. பெட்டியின் மேல் பொட்டாசியம் டாலோவேட் என்று இருக்கும், அதன் பொருள் அதுதான். சைவ வீட்டினர் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. நான் விளக்கிச் சொன்னதும் என் அம்மா ஒன்றும் பேசவில்லை. அந்தக் குச்சியை மட்டும் பூஜையறைப் பக்கத்து அலமாரியிலிருந்து எடுத்துக் கொல்லைப்புறக் குளியலறையில் வைத்துவிட்டார். இன்றுவரை அதன் இடம் அங்கேதான்.

பருவமும் கணக்கில் வர வேண்டும். கார்த்திகையிலிருந்து மாசி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும், விருச்சிகக் காற்று என்று இங்கே சொல்வார்கள். உதடு வெடிக்கும், ஜன்னல் கதவுகள் இரவெல்லாம் அடித்துக்கொள்ளும். அந்த மாதங்களில் முகத்தில் போட்ட நுரை பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்கிறது. கிளிசரின் கூடுதலாக உள்ள கிரீம்கள் அப்போது கை கொடுக்கும். கட்டிச் சோப்பில் செய்வதானால் இரண்டு சொட்டு கிளிசரினைப் பிரஷ்ஷில் விட்டுக்கொள்ளலாம், மருந்துக்கடையில் சிறு புட்டி கிடைக்கும். தென்மேற்குப் பருவத்தில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. மாறாக, கட்டிச் சோப்பு நாள்முழுக்க ஈரத்திலேயே கிடந்து குழைந்துபோகும். அடியில் ஓட்டையுள்ள டப்பாவில் வையுங்கள்.

காற்று தொடங்கும் அதே நேரத்தில்தான் சபரிமலை மண்டல காலமும் வரும். மாலை போட்டால் 41 நாள் முகத்தில் ரேசர் படாது. மலைக்குப் போய்வந்து அலமாரியைத் திறந்தால் வட்டச் சோப்பு ஓரங்களில் சுருங்கி, டப்பாவுக்குள் கடகடவென்று ஆடும். தூக்கி எறிய வேண்டாம். ஓர் இரவு சில சொட்டுத் தண்ணீரோடு மூடி வைத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். டியூப் கிரீமுக்கு மூடி இறுக்கமாக இருந்தால் ஒன்றும் ஆகாது. அந்த நீண்ட தாடியை எடுக்கும் நாளில் எந்தச் சோப்பும் தனியாகச் சாதிக்காது. முதலில் கத்தரி, பிறகுதான் ரேசர்.

தண்ணீரைத் திருத்துவதற்கு வழி உண்டா என்றால் உண்டு, செலவும் அதிகமில்லை. கொதிக்க வைத்து ஆறவிட்டுத் தெளிந்ததை மேலாக எடுத்தால் கடினத்தன்மையில் ஒரு பகுதி படிவாகக் கீழே நின்றுவிடும். கெட்டிலில் காண்பது அதைத்தான். ஒரு லிட்டர் தண்ணீரில் சிட்டிகை சிட்ரிக் அமிலம் சிலர் போடுகிறார்கள். பலன் உண்டு, ஆனால் கை தாராளமானால் சோப்பே முறிந்துவிடும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்கும் வடிநீர் வீட்டில் இருந்தால் அதில் ஒரு குவளை போதும். நான் விரும்புவது மழைநீர். ஜூன், ஜூலையில் கூரைத் தண்ணீரை ஒரு குடத்தில் பிடித்து மூடி வைக்கிறேன். அந்தக் குடம் இருக்கும்வரை கோத்ரெஜ் ரவுண்டு எங்கள் வீட்டிலும் அக்கா வீட்டிலும் ஒன்றுபோலவே நடந்துகொள்கிறது. முகம் கழுவப் போர்வெல் தண்ணீரே போதும், நுரை அடிக்க மட்டும்தான் நல்ல தண்ணீர், அதுவும் கால் குவளைதான் செலவாகும்.

செலவைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. கிரீமில் கணிசமான பங்கு தண்ணீர், கட்டியில் அது மிகக் குறைவு. ஆகவே ஒரே எடைக்குக் கட்டிதான் நெடுநாள் வரும். கேனில் வரும் நுரை வகையை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அதில் பாதிக் காசு உந்தும் வாயுவுக்கும் தகரத்துக்கும் போகிறது.

கடைவீதியில் நான் முடிவெட்டிக்கொள்ளும் சலூன்காரரிடம் இந்த ஆராய்ச்சியை எல்லாம் சொல்லிப் பார்த்தேன். பிளேடை இரண்டாக ஒடித்துப் பாதியைக் கத்தியில் செருகிக்கொண்டே கேட்டார். "சோப்பு ஊறும்வரை உட்கார உங்களுக்கு நேரம் இருக்கிறது. எனக்கு வரிசையில் நான்கு பேர். டியூபைப் பிதுக்கினேனா, வேலையைப் பார்த்தேனா என்று போக வேண்டாமா?" என்றார். அவர் வேலைக்கு அது சரி.

இப்போது என் அலமாரி இப்படி: வேலை நாட்களில் வி-ஜான். ஞாயிற்றுக்கிழமை, மழைநீர் இருந்தால் கோத்ரெஜ் ரவுண்டு, இல்லாவிட்டால் கொல்லைப்புறம் போய் ஆர்கோ. புதிதாகத் தொடங்குகிறவர் உப்புத் தண்ணீர் ஊரில் இருந்தால் டியூபிலிருந்து தொடங்கட்டும். நல்ல தண்ணீர் ஊரில் இருந்தால் நேராகக் கட்டிச் சோப்புக்கே போகலாம். பிரஷ் வாங்கும்போது மட்டும் பன்றிமயிரைத் தவிர்த்துச் செயற்கை இழையை எடுங்கள். உப்புப் படிவு அதில் குறைவாக ஒட்டுகிறது, மாதம் ஒருமுறை வினிகர் கலந்த தண்ணீரில் அலசினால் போய்விடுகிறது.